அணா காலத்துக் கால்பந்து: காவிரிக் கரையில் பழம்பொருள் தேடுவோருக்கு ஒரு முழு வழிகாட்டி

போகிக்கு முந்தின ஒரு வாரம் எனக்கு வேறு வேலை ஓடாது. கும்பகோணத்துத் தெருக்களில் அந்த வாரம்தான் பரண் காலியாகும். வாசலில் பழைய பாய், கிழிந்த பஞ்சாங்கம், செல்லரித்த கணக்கு நோட்டு எல்லாம் கட்டாகக் கிடக்கும். பல வருஷங்களுக்கு முன்னால் அப்படி ஒரு கட்டில், ரோஸ் நிறத் தாளில் "உதைபந்தாட்டப் பந்தயம், பிரவேசக் கட்டணம் அணா 2" என்று அச்சடித்த நோட்டீஸ் ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். "அது எதுக்குத் தம்பி, நாளைக்குக் கொளுத்தத்தானே வச்சிருக்கு" என்றார் அந்த வீட்டுப் பாட்டி. என் சேகரிப்பில் முதல் உருப்படி அதுதான்.

இந்தத் துறைக்குப் புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் கோப்பையைத்தான் தேடுகிறார்கள். கோப்பை உலோகம், எப்படியும் பிழைத்துக்கொள்ளும். நோட்டீஸ், டிக்கெட், குரூப் போட்டோ, வரவு செலவு நோட்டு இவையெல்லாம் போகித் தீயிலும் ஐப்பசி மழையிலும் போய்விடும். அதனால் டெல்டாவில் அரிய பொருள் என்றால் காகிதம்தான் என்பது என் கட்சி. சீமையிலும் கதை இதுதான். இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் (எஃப்.ஏ.) 1896 முதல் 1910 வரை கொடுத்த எஃப்.ஏ. கோப்பை 2005-ல் லண்டனில் ஏலம் போனபோது கிடைத்தது 4,78,400 பவுண்டு. 1857-ல் தொடங்கிய ஷெஃபீல்டு கால்பந்து கிளப்பின் கையால் எழுதிய விதிகளும் அச்சிட்ட சிறு புத்தகமும் அடங்கிய கட்டு 2011-ல் 8,81,250 பவுண்டுக்குப் போனது. வெள்ளியைக் காகிதம் ஜெயித்துவிட்டது.

முதல் படி: எல்லையைப் போடுங்கள்

"பழைய கால்பந்துப் பொருள்" என்று பொதுவாகக் கிளம்பினால் ஆறு மாதத்தில் வீடு குப்பையாகும், பையும் காலியாகும். ஒரு காலத்தையும் ஒரு வட்டாரத்தையும் வகுத்துக்கொள்ளுங்கள்.

உலக அளவில் "ஆரம்ப காலம்" என்றால் பெரும்பாலும் முதல் உலகப் போருக்கு முன்னால். லண்டனில் கால்பந்துச் சங்கம் அமைந்தது 1863. எஃப்.ஏ. கோப்பையின் முதல் இறுதியாட்டம் 1872 மார்ச். முதல் சர்வதேச ஆட்டம் அதே வருஷம் நவம்பர் 30, கிளாஸ்கோவில். ஸ்காட்லாந்தும் இங்கிலாந்தும் கோலே போடாமல் முடித்தார்கள். இந்தியாவில் டூரண்ட் கோப்பை சிம்லாவில் 1888, பம்பாயில் ரோவர்ஸ் கோப்பை 1891, கல்கத்தாவில் ஐ.எஃப்.ஏ. ஷீல்டு 1893. அந்த ஷீல்டைத்தான் 1911 ஜூலை 29 அன்று கல்கத்தாவின் மோகன் பகான் அணி, கிழக்கு யார்க்‌ஷயர் ரெஜிமெண்டை 2-1 என்று தோற்கடித்து வாங்கியது. இந்தக் காலத்துப் பொருள் தஞ்சாவூர்ப் பக்கம் பரணில் கிடைக்கும் என்று கனவு காணாதீர்கள். யாராவது கொண்டுவந்தால் முதலில் சந்தேகப்படுங்கள்.

என் எல்லை 1957 மார்ச் 31. மறுநாள் ஏப்ரல் 1-ல் நயா பைசா வந்தது, அணா போனது. இந்த எல்லைக்குள் டெல்டாவில் மூன்று ஊற்றுகள் உண்டு.

ஒன்று, ரயில்வே. தென்னிந்திய ரயில்வேயின் தலைமையகம் திருச்சியில் இருந்தது. நாகப்பட்டினத்தில் இருந்த பட்டறை 1920-களின் கடைசியில் பொன்மலைக்கு மாறியது. பட்டறை இருந்த இடத்தில் மைதானமும் ஆட்டமும் இருந்தன. இரண்டு, பாதிரிமார் நடத்திய பள்ளி, கல்லூரிகள். நாகப்பட்டினத்தில் 1844-ல் தொடங்கி 1883-ல் திருச்சிக்கு வந்த செயின்ட் ஜோசப் கல்லூரி போன்றவை. இங்கே தேட வேண்டியது ஆண்டு மலர்கள். விளையாட்டுப் பக்கத்தில் அணிப் படமும் பெயர்களும் சேர்ந்தே இருக்கும்.

மூன்றாவது ஊற்றை வெளியூர்ச் சேகரிப்பாளர்கள் கவனிப்பதே இல்லை: சபுர். கூத்தாநல்லூர், நாகூர், அதிராம்பட்டினம் பக்கம் கடல் கடந்து பிழைக்கப் போனவர்களைச் சபுராளி என்பார்கள். பினாங்கு, சிங்கப்பூர், ரங்கூன், சைகோன் என்று போனவர்கள் திரும்பும்போது டிரங்குப் பெட்டியில் துணிமணிக்கு அடியில் என்னென்னவோ கொண்டுவந்தார்கள். மலாயாக் கோப்பை 1921-ல் தொடங்கியது. சிங்கப்பூரின் ஜாலான் பெசார் மைதானம் திறந்தது 1929 டிசம்பர். அங்கே ஆட்டம் பார்த்தவர், ஏன், ஆடியவரே இங்கே ஏதாவது ஒரு தெருவில் கண்மூடியிருக்கலாம். காரைக்காலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1954 நவம்பர் வரை பிரெஞ்சு ஆட்சி. அங்கே கிடைக்கும் காகிதம் பிரெஞ்சில் இருக்கும், அதனாலேயே யாருக்கும் புரியாமல் எடைக்குப் போய்விடும்.

இரண்டாம் படி: எங்கே போய் நிற்பது

பழைய பேப்பர் கடை, காயலான் கடை, பித்தளைப் பாத்திரம் எடைக்கு எடுக்கும் கடை, இந்த மூன்றும் எல்லாருக்கும் தெரிந்தவை. அதிகம் தெரியாதவை இன்னும் மூன்று.

படத்துக்குக் கண்ணாடி போடும் கடை. நல்ல தேக்குச் சட்டத்தில் இருக்கிற பழைய குரூப் போட்டோவைக் கழற்றிப் போட்டுவிட்டு, அந்தச் சட்டத்தில் சாமி படம் மாட்டித் தரச் சொல்வார்கள். கழற்றிய போட்டோ கடையின் மூலையில் கிடக்கும். அடுத்தது மூடப்போகிற ஸ்டுடியோ. கண்ணாடித் தட்டு நெகட்டிவ்களைக் கழுவிக் கண்ணாடியாக விற்றுவிட்ட கொடுமையைக் கேட்டிருக்கிறேன். மூன்றாவது முடிவெட்டும் கடை. அப்பா காலத்திலிருந்து நடக்கிற கடையானால் சுவரைப் பாருங்கள், எம்.ஜி.ஆர். படத்துக்குப் பக்கத்தில் அந்தத் தெருப் பையன்களின் அணி நிற்கும்.

பேப்பர் கடைக்காரரிடம் "கால்பந்து அரும்பொருள்" என்றெல்லாம் பேசினால் மறுநாளே விலை ஏறிவிடும், அல்லது உங்களைப் பைத்தியம் என்று நினைத்துக்கொள்வார். நான் சொல்வது இவ்வளவுதான்: "அண்ணே, பழைய நோட்டீஸ், குரூப் போட்டோ எது வந்தாலும் தனியா எடுத்து வைங்க. எடை விலைக்கு ரெண்டு மடங்கு தர்றேன்." எடுத்து வைத்தது முழுக்கக் கல்யாணப் பத்திரிகையாக இருந்தாலும் சொன்ன பணத்தைக் கொடுத்துவிட வேண்டும். ஒருமுறை முகம் சுளித்தால் அடுத்த முறை உங்களைக் கூப்பிட மாட்டார்.

மூன்றாம் படி: பொருளுக்கு முன்னால் கதையை வாங்குங்கள்

என் பெரிய தவறு இங்கேதான். முதல் சில வருஷம் போட்டோக்களை வாங்கி வாங்கி அடுக்கினேன். யாரிடம் வாங்கினேன், படத்தில் இருப்பவர் யார் என்று எழுதி வைக்கவில்லை. நாற்பது படம் இருக்கும். ஒன்றிலும் ஒரு பெயர்கூடத் தெரியாது. கொடுத்தவர்களில் பாதிப் பேர் இன்று இல்லை. பெயர் தெரியாத பதினோரு பேர் நிற்கும் போட்டோவுக்கு அரும்பொருள் மதிப்பு மிகக் குறைவு. அதே படத்தில் ஊர், வருஷம், இரண்டு பெயர் தெரிந்தால் அது ஆவணம்.

ஆகவே வீட்டுக்குப் போனால் பெட்டியைத் திறக்கச் சொல்வதற்கு முன் உட்கார்ந்து பேசுங்கள். அனுமதி கேட்டுக் கைப்பேசியில் குரலைப் பதிவு செய்துகொள்ளுங்கள். கூத்தாநல்லூரில் ஒரு அம்மாவிடம் போட்டோவைக் காட்டி "இதுல யாரும்மா உங்க சொந்தம்?" என்றேன். "எங்க அத்தா. பினாங்குல இருந்தப்ப எடுத்தது. சுத்தி நிக்கிறவங்கள்லாம் கடையில வேலை பார்த்தவங்க. சனிக்கிழமை கடை அடைச்சதும் பந்தாடப் போயிருவாங்களாம்" என்றார். பின்பக்கம் வெறுமையாக இருந்த அந்தப் படத்துக்கு இப்போது ஒரு பக்க வரலாறு உண்டு. அவர் படத்தைத் தரவில்லை, நானும் கேட்கவில்லை. அங்கேயே ஜன்னல் வெளிச்சத்தில் படமெடுத்து, ஒரு பிரதி அச்சிட்டு அடுத்த வாரம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்தப் பிரதிக்குப் பிறகு அதே தெருவில் நாலு வீடு எனக்குத் திறந்தது.

"எந்த வருஷம்?" என்று கேட்காதீர்கள்; யாருக்கும் சொல்லத் தெரியாது. "பெரிய வெள்ளம் வந்ததுக்கு முன்னாலா, பின்னாலா?", "உங்க கல்யாணத்துக்கு முன்னாலா?", "ஜப்பான்காரன் வந்தப்பவா?" என்று கேட்டால் பதில் வரும்.

ஒரு கண்டிப்பு. பள்ளிக்கூடத்து ஷீல்டு, கழகத்துச் சுழற்கோப்பை, தேவாலயத்து ஆவணம் எதையும், அந்த நிர்வாகத்தின் கடிதம் இல்லாமல் தனி ஆளிடமிருந்து வாங்காதீர்கள். பியூன் கொண்டுவந்தாலும் சரி, முன்னாள் செயலாளர் கொண்டுவந்தாலும் சரி. எங்கே வாங்கியிருந்தாலும் தேதி போட்ட ஒரு ரசீது, இரண்டு வரியானாலும், கையெழுத்தோடு இருக்க வேண்டும்.

நான்காம் படி: காலத்தைக் கணிப்பது

இங்கேதான் நம்மூர்க்காரருக்குச் சீமைச் சேகரிப்பாளரைவிட வசதி அதிகம்.

நோட்டீஸில் முதலில் எழுத்தைப் பாருங்கள். ணை, லை, ளை, னை இவற்றுக்கு யானைத் துதிக்கை மாதிரி மேலே வளைந்த பழைய கொம்பு இருக்கிறதா? ணா, றா, னா சுழித்து எழுதப்பட்டிருக்கிறதா? அரசு எழுத்துச் சீர்திருத்தம் வந்தது 1978-ல். 1940-ம் வருஷத்து நோட்டீஸ் என்று ஒருவர் நீட்டி, அதில் இன்றைய பாடப்புத்தகத்து "னை" இருந்தால் காசை மடித்துச் சட்டைப்பையில் வையுங்கள். ஒரு விலக்கு: பெரியார் 1935-லிருந்தே குடியரசு இதழில் சீர்திருத்த எழுத்தைப் பயன்படுத்தினார். அதனால் இயக்கம் சார்ந்த வாலிபர் சங்கத்து நோட்டீஸானால் உடனே தள்ளிவிடாமல் மற்றச் சான்றுகளையும் பாருங்கள். பழைய எழுத்து இருப்பதாலேயே 1940 ஆகிவிடாது என்பதும் நினைவிருக்கட்டும். சின்ன ஊர் அச்சகங்கள் பழைய ஈய எழுத்தை வெகுநாள் விடவில்லை.

அடுத்து தேதி. பழைய நோட்டீஸ்களில் ௵, ௴, ௳ என்ற குறிகளோடு தமிழ் வருஷம், மாசம், தேதி, கிழமை எல்லாம் இருக்கும். "பார்த்திப" என்று இருந்தால் 1945-46, இல்லையென்றால் 2005-06. அறுபது வருஷச் சுழற்சி என்பதால் குழப்பமே வராது. ஆங்கிலத் தேதியும் கிழமையும் கூடவே இருந்தால் இரண்டையும் பழைய பஞ்சாங்கத்தோடு பொருத்திப் பாருங்கள். போலி செய்கிறவன் காகிதத்தைத் தேநீரில் ஊறவைப்பான், ஓரத்தைக் கருக்குவான். கிழமையைச் சரிபார்க்க மட்டும் மறந்துவிடுவான்.

கட்டணம் அணாவில் இருந்தால் பெரும்பாலும் 1957-க்கு முன். ஆனால் அதற்கப்புறமும் "நாலணா டிக்கெட்" என்று பேச்சு வழக்கில் அச்சடித்தவர்கள் உண்டு. "ந.பை." என்று இருந்தால் கணக்கு இன்னும் நெருக்கம்: 1957-க்கும் 1964-க்கும் இடையில். "தெ.இ.ரயில்வே" என்றோ எஸ்.ஐ.ஆர். என்றோ இருந்தால் 1951 ஏப்ரலுக்கு முன்னதாக இருக்க வாய்ப்பு அதிகம். அப்போதுதான் தெற்கு ரயில்வே உருவானது. கடிதத்தாளில் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பின். "நாகை மாவட்டம்" என்று அச்சிட்ட ஐம்பதுகளின் டிக்கெட் ஒன்றை என்னிடம் விற்கப் பார்த்தார்கள். தஞ்சாவூர் ஜில்லாவிலிருந்து நாகப்பட்டினம் தனி மாவட்டமானது 1991-ல்.

"உதைபந்து" என்ற சொல்லுக்கு அதிக எடை கொடுக்காதீர்கள். இலங்கையில் இன்றும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

காகிதத்துக்கு இரண்டு கருவி போதும். பத்து மடங்கு பெரிதாக்கும் நகைக்கடை லென்ஸ், கள்ளநோட்டு பார்க்கும் நீல டார்ச். அச்சுக்கோத்து அடித்த எழுத்தில் மை ஓரத்துக்கு ஒதுங்கி மெல்லிய கரையாக நிற்கும். தாளின் பின்பக்கம் விரலால் தடவினால் எழுத்தின் அழுத்தம் தட்டுப்படும். கம்ப்யூட்டர் பிரிண்டர் என்றால் நுண்ணிய பலநிறப் புள்ளிகள் தெரியும். வெளுப்பூட்டும் ரசாயனம் காகிதத்தில் பரவலாகச் சேர்ந்தது 1950 வாக்கில். அதற்கு முந்தின தாள் நீல வெளிச்சத்தில் மங்கலாகவே கிடக்கும். பளீரென்று வெள்ளை நீலமாக ஒளிர்ந்தால் அது 1930 அல்ல.

போட்டோவில் நடுவில் உட்கார்ந்திருப்பவர் காலடியிலோ மடியிலோ உள்ள பந்தை உற்றுப் பாருங்கள். பந்தின்மேல் சுண்ணாம்பால் "1936-37" என்று எழுதிப் படமெடுப்பது அக்கால வழக்கம். லேஸ் கட்டிய வாய் தெரிகிறதா, காலில் பூட்ஸா, வெறுங்காலில் துணிக்கட்டா, அட்டையின் மூலையில் ஸ்டுடியோ முத்திரை உண்டா? முதுகில் எண் போட்ட சட்டை இருந்தால் கொஞ்சம் யோசியுங்கள். இங்கிலாந்திலேயே ஆர்சனலும் செல்சியும் எண் போட்டு ஆடிப்பார்த்தது 1928-ல். லீக்கில் கட்டாயமானது 1939-ல். எண் இல்லாத சட்டை மட்டும் எதற்கும் சாட்சி அல்ல. நம் கிராமத்து அணிகள் எழுபதுகளிலும் எண் இல்லாமல்தான் ஆடின.

ஐந்தாம் படி: கோப்பையும் ஷீல்டும்

காகிதம்தான் பெரிது என்று சொன்னாலும் கோப்பை கண்ணில் பட்டால் கை நீளத்தான் செய்யும். அடியைத் திருப்பிப் பாருங்கள். ஈ.பி.என்.எஸ். என்று இருந்தால் வெள்ளி முலாம் பூசிய ஜெர்மன் சில்வர்; வெள்ளி விலை கொடுக்காதீர்கள். உண்மையான ஆங்கிலேய வெள்ளியில் நடக்கும் சிங்க முத்திரை, ஊர் முத்திரை, வருஷ எழுத்து மூன்றும் இருக்கும். நங்கூரம் என்றால் பர்மிங்ஹாம், சிறுத்தைத் தலை என்றால் லண்டன். வருஷ எழுத்தை அட்டவணையில் பார்த்தால் செய்த ஆண்டே தெரிந்துவிடும். மெட்ராஸ் மவுண்ட் ரோடு பி. ஓர் அண்ட் சன்ஸ் முத்திரையோடு கிடைத்தால் அதிர்ஷ்டம். பெரும்பாலும் கிடைப்பது முத்திரையே இல்லாத பித்தளைக் கோப்பைதான். அதில் வெட்டிய ஊர்ப்பெயருக்காக வாங்குங்கள்.

நான் ஏமாந்த கதை. 1911 என்று பொறித்த ஒரு ஷீல்டு, கறுத்த பித்தளைத் தகடு, மரப்பலகை. விலையைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. சுவாமிமலையில் தெரிந்த ஸ்தபதி ஒருவரிடம் பெருமையாகக் காட்டினேன். அவர் தகட்டைப் பார்க்கவே இல்லை, பின்பக்கத்தைத் திருப்பினார். "என்ன சார், 1911-ல ஸ்டார் ஸ்க்ரூ இருந்துச்சா?" என்றார். கூட்டல் குறி போட்ட திருகாணி சந்தைக்கு வந்ததே 1930-களின் நடுவில். பிறகு தகட்டையும் தடவிப் பார்த்துச் சொன்னார்: வருஷக்கணக்கில் ஏறிய கறுப்பு பள்ளத்தில் கெட்டியாகவும் மேட்டில் தேய்ந்தும் இருக்கும், மருந்து போட்டு ஏற்றிய கறுப்பு எல்லா இடத்திலும் ஒரே சீராக இருக்கும். எங்கள் பக்கத்தில் பழசுபோலச் செய்து கொடுக்கிற கைத்தொழில் நன்றாகத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், அதில் தப்பில்லை; அதைப் பழசு என்று விற்பதுதான் தப்பு. அன்றிலிருந்து நான் முதலில் பார்ப்பது பின்பக்கம்: திருகாணி, ஆணி, ஒட்டுப்பலகையா தேக்கா, பலகையில் ஆணி அடித்த பழைய துளை.

வாங்கிய கோப்பையைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். முலாம் போய்விடும், வெட்டிய எழுத்தும் மழுங்கும். வீட்டில் மற்றவர்களுக்கும் சொல்லிவையுங்கள். பொங்கலுக்கு எல்லாப் பித்தளையும் துலக்குகிற உற்சாகத்தில் என் வீட்டில் ஒரு கோப்பை பளபளவென்று பாழாய்ப் போயிருக்கிறது.

ஆறாம் படி: பந்து, பூட்ஸ், சட்டை

லேஸ் பந்து நம் பக்கம் கிடைப்பது அபூர்வம்; தோல் இந்தக் காற்றில் தாங்காது. கிடைத்தால் வாய்ப்பகுதியைப் பாருங்கள். உள்ளே ரப்பர் பிளாடர், அதன் கழுத்தை மடித்துக் கட்டி மேலே லேஸ் கோத்திருக்கும். அந்த லேஸ் முடிச்சில் தலையால் முட்டி நெற்றி கிழிந்த கதையைக் கிழவர்கள் சொல்வார்கள். லேஸ் இல்லாத வால்வு பந்தை அர்ஜென்டினாக்காரர்கள் முப்பதுகளின் தொடக்கத்திலேயே செய்துவிட்டார்கள். ஆனாலும் லேஸ் பந்து பல ஊர்களில் வெகுகாலம் உருண்டது. "சியால்கோட்" என்ற முத்திரை இருந்து பாகிஸ்தான் பெயர் இல்லாவிட்டால் பிரிவினைக்கு முந்தியதாக இருக்கலாம். 1947-க்குப் பிறகு அந்தத் தொழிலாளர்களில் பலர் ஜலந்தருக்கு வந்து தொழிலைத் தொடர்ந்தார்கள். ஜலந்தர் முத்திரை இருந்தால் கணக்கு அங்கிருந்து தொடங்கும். கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட பந்து 1970 உலகக் கோப்பையில் புகழ்பெற்றது. அதைச் சுதந்திரத்துக்கு முந்தினது என்று விற்பவரிடம் வாதாட வேண்டாம்.

பூட்ஸ் பற்றிச் சொன்னால் சிரிப்பீர்கள். "1911 மோகன் பகான் ஆட்டக்காரர் போட்டது" என்று ஒருவர் எனக்குப் படம் அனுப்பினார். அந்த இறுதியாட்டத்தில் பதினோரு பேரில் பத்துப் பேர் வெறுங்காலில் ஆடினார்கள். பூட்ஸ் போட்டவர் சுதிர் சட்டர்ஜி ஒருவர்தான். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சுக்கு எதிராக இந்தியாவின் முதல் ஒலிம்பிக் கோலைப் போட்ட சாரங்கபாணி ராமன் காலத்திலும் அணியில் பெரும்பாலோர் வெறுங்கால்தான். ஆகவே பழைய இந்திய ஆட்டத்தின் பூட்ஸைவிட, கணுக்காலில் சுற்றிய துணிக்கட்டு தெரிகிற போட்டோவே எனக்குப் பெரிது. பழைய பூட்ஸில் தோல் குமிழ்களை ஆணி அடித்துப் பதித்திருப்பார்கள். கழற்றி மாட்டும் குமிழ் பரவலாகத் தெரியவந்தது 1954 உலகக் கோப்பைக்குப் பிறகு.

சட்டை இங்கே அநேகமாகக் கிடைக்காது. துவைத்துத் துவைத்துக் கரித்துணி ஆகியிருக்கும்.

ஏழாம் படி: சீமையிலிருந்து வாங்குவது

இணைய ஏலத்தில் சிகரெட் அட்டை (அந்தக் காலத்தில் சிகரெட் பெட்டிக்குள் வைத்த ஆட்டக்காரர் படம்), ஆட்டத்தன்று விற்ற பழைய நிகழ்ச்சித் தாள் வாங்கலாம். தொடக்கத்துக்குச் சிகரெட் அட்டை மலிவு. ஆனால் ஏலம் முடிகிற சுத்தியல் விலையோடு கணக்கு முடியாது. ஏல நிறுவனத்தின் கமிஷன் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் போகும், அப்புறம் கூரியர், அப்புறம் சுங்கம். ஏலம் கேட்பதற்கு முன்பே மூன்றையும் கூட்டி எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

இங்கிருந்து வெளிநாட்டுக்கு அனுப்புவது வேறு சமாசாரம். 1972-ம் வருஷத் தொல்பொருள் சட்டப்படி நூறு வருஷம் ஆன பொருளும், எழுபத்தைந்து வருஷம் ஆன மதிப்புள்ள கையெழுத்துப் பிரதியும் தனி ஆள் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. 1920-ல் செய்த கோப்பை இன்று அந்த வரம்புக்குள் வந்துவிட்டது. லண்டன் நண்பர் கேட்டார் என்று பார்சல் கட்டிவிடாதீர்கள்.

எட்டாம் படி: டெல்டாவின் ஈரத்தில் காப்பாற்றுவது

லேமினேஷன் வேண்டாம். இதை நூறு முறை சொன்னாலும் தகும். "பத்திரமா இருக்கட்டும்னு லேமினேட் பண்ணிட்டேன் சார்" என்று பெருமையோடு நீட்டியவர்களிடமே எத்தனையோ நோட்டீஸ்களைக் கண்ணீரோடு திருப்பிக் கொடுத்திருக்கிறேன். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைத் தாளைக் கிழிக்காமல் பிரிக்க முடியாது. செல்லோடேப்பும் அப்படித்தான், சில வருஷத்தில் பழுப்புக் கறையாக உள்ளே இறங்கிவிடும்.

கண்ணாடியோடு ஒட்டிப்போன குரூப் போட்டோ டெல்டா வீடுகளில் சாதாரணம். சுவரின் ஈரம் செய்த வேலை. பிய்க்காதீர்கள், பிய்த்தால் முகங்கள் கண்ணாடியோடு போகும். கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்து அப்படியே வையுங்கள். புதிதாகச் சட்டம் போடுவதானால் கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவில் ஓரத்தில் அட்டைக் கரை வைக்கச் சொல்லுங்கள், ஈரச் சுவரில் மாட்டாதீர்கள்.

பை வாங்கும்போது பாலியெஸ்டர் என்று கேட்டு வாங்குங்கள். கடையில் கிடைக்கும் மெத்தென்ற பி.வி.சி. ஆல்பம் நாளடைவில் பிசுபிசுத்துப் படத்தின் மேற்பரப்பையே உரித்துவிடும். பின்பக்கக் குறிப்பை மென்மையான பென்சிலால் எழுதுங்கள், பால்பாயிண்ட் கூடாது.

இராமபாணப் பூச்சிதான் முதல் எதிரி, கரையான் இரண்டாவது. வேப்பிலை, வசம்பு எல்லாம் ஓலைச்சுவடிக்காகப் பாட்டன் காலத்தில் வந்த வழக்கம். பச்சை வேப்பிலையைப் போட்டோப் பெட்டியில் போட்டால் ஈரமும் கறையும்தான் மிஞ்சும். பாச்சை உருண்டையும் நேராகப் படத்தோடு வைக்கக் கூடாது. பூச்சி தெரிந்தால் பொருளைப் பிளாஸ்டிக் பையில் காற்றுப்புகாமல் கட்டி, பிரீசரில் மைனஸ் 18 டிகிரியில் இரண்டு வாரம் வையுங்கள். எடுத்த பிறகு பையைத் திறக்காமல் ஒரு நாள் வெளியே விட்டு, அப்புறம் திறக்க வேண்டும். உடனே திறந்தால் வியர்த்து நனைந்துவிடும். கண்ணாடியில் ஒட்டிய படத்தையும் கண்ணாடித் தட்டு நெகட்டிவையும் மட்டும் பிரீசருக்குக் கொண்டுபோகாதீர்கள்.

தோல் பந்துக்கு எண்ணெய் தடவச் சொல்லி எல்லாரும் யோசனை சொல்வார்கள். தேங்காயெண்ணெயோ வேப்பெண்ணெயோ, இரண்டும் வேண்டாம். ஆவாரம்பட்டை போன்ற மரப்பட்டையில் பதனிட்ட பழைய தோல் வயதானால் சிவந்து மாவாக உதிரும். எண்ணெய் அதைப் பசையாக்கிவிடும். காற்றடித்து நிரப்பவும் கூடாது. உள்ளே அமிலமில்லாத மெல்லிய தாளைச் சுருட்டி உருவம் நிற்கிற அளவுக்கு மட்டும் அடையுங்கள்.

ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது, பெட்டிக்கு ஒன்று போடுங்கள். ஐம்பது சதவீதத்துக்குப் பக்கத்தில் இருந்தால் நல்லது. ஐப்பசி, கார்த்திகையில் என் அறையில் எண்பதைத் தாண்டும். அந்த இரண்டு மாதமும் மூடி இறுகிய டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைத்துவிட்டு டப்பாவைத் திறப்பதே இல்லை. பெட்டிகள் தரையில் இருக்கக் கூடாது, இடுப்பு உயரத்துக்கு மேல் பலகையில் இருக்க வேண்டும். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது வேதாரண்யம் பக்கத்து நண்பருடைய ஓட்டு வீட்டில் கூரையே போனது. அவர் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து திருச்சியில் மகளிடம் ஒரு பிரதி கொடுத்திருந்தார். படங்கள் போயின, பெயர்கள் தப்பின. ஸ்கேனை அங்குலத்துக்கு 600 புள்ளி (600 dpi) அடர்த்தியில் எடுங்கள், பின்பக்கத்தையும் சேர்த்து. கோப்பின் பெயரில் ஊர், வருஷம், கொடுத்தவர் பெயரின் முதலெழுத்து மூன்றும் இருக்கட்டும்.

தை பிறந்து பனி விலகியதும் ஒரு வெயில் நாளில் டப்பாக்களைத் திறந்து, நிழலில் காற்றாட விட்டு, ஜெல் பொட்டலங்களைக் காயவைத்து மாற்றுங்கள். நேர் வெயிலில் மட்டும் எதையும் வைக்காதீர்கள்.